பெயரே இல்லாத அமெரிக்க அடிமைப் பட்டியல்களால் வம்சாவளி தேடுகிறவருக்கு என்ன பயன்?

1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதைத்தான் கேட்கிறீர்கள். பயன் உண்டு, ஆனால் தேடலை அங்கே தொடங்காதீர்கள்.

வர்ஜீனியாவில் ஒரு நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் தன்னார்வலராக உதவுகிறேன். வருகிறவர்களில் பலர் தங்கள் குடும்பப் பெயரிலேயே ஓர் உரிமையாளர் கிடைத்ததும் ‘இவர்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி எஜமானின் பெயரை வைத்துக்கொள்ளவில்லையே!

பட்டியலில் இருப்பது உரிமையாளரின் பெயர்; அதன்கீழ் ஆளுக்கு ஒரு வரியில் வயது, பால், நிறம், தப்பியோடியவரா என்பது போன்ற சில விவரங்கள். 1850இல் அடிமைகளின் பெயரையும் எழுதுவதாகத்தான் முதலில் திட்டம். செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் எதிர்த்ததால் பெயர் போய் எண் வந்தது. டெக்சஸின் போவி கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) போல ஒருசில இடங்களில் மட்டும் பெயரும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 1870இல். விடுதலையானவர்கள் எல்லோரையும் பெயரோடு பதிந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு அதுதான். உறவுமுறை அதில் இருக்காது, அதற்கு 1880ஐப் பார்க்க வேண்டும். உதாரணமாக, நீங்கள் தேடுபவர் 1870இல் 32 வயதுப் பெண் என்றால் 1860இல் 22, 1850இல் 12. வயதெல்லாம் குத்துமதிப்பு, இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கும். அப்புறம் எஜமான் யார் என்பதை வேறு ஆவணங்களில் தேடுங்கள்: விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்கள், அவர்களுக்கென்றே 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகள் (சிலவற்றில் பழைய எஜமானின் பெயரே இருக்கும்), உயில்கள், இறந்த உரிமையாளரின் சொத்துப் பட்டியல்கள். கடைசியாகச் சொன்னதில் ஆட்களின் பெயரும் ‘விலை’யும் மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே எழுதியிருக்கும். படிக்கக் கஷ்டம்தான், ஆனால் பெயர் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். இப்படி ஓர் எஜமான் பெயர் கையில் வந்த பிறகு, 1860 பட்டியலில் அவர் கீழ் 22 வயதுப் பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் ஊகம் நிற்கிறது, அவ்வளவுதான், நிரூபணம் ஆகிவிடாது. இல்லாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். ஆட்களை வாடகைக்கு விடும் வழக்கம் இருந்ததால், வேலை வாங்கியவர் பக்கத்தில் பதிவாகியிருக்கலாம். ஒரே உரிமையாளருக்கு இரண்டு கவுண்டிகளில் பண்ணை இருந்ததும் உண்டு.

ஊர் வரலாற்றுக்கு, என்னைக் கேட்டால், இது இன்னும் அருமையான ஆவணம். ‘எங்கள் ஊரில் பெரிய பண்ணை எதுவும் இல்லை, அடிமைமுறையும் பெரிதாக இல்லை’ என்று சொல்வார்கள். முழுப் பட்டியலையும் படித்து, அந்தப் பெயர்களை அதே ஆண்டின் பொதுக் கணக்கெடுப்பில் தேடினால் ஒன்றிரண்டு பேரை வைத்திருந்த கொல்லர், போதகர், விதவை என்று வரிசையாக வருவார்கள். 1860இல் அடிமைகள் குடியிருந்த வீடுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதே கணக்கெடுப்பின் விவசாயப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் யார் நிலத்தில் எவ்வளவு புகையிலை விளைந்தது, அதற்கு எத்தனை பேரின் உழைப்பு என்பது வரை போகலாம்.

இந்த அடிமைப் பட்டியல்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் வைத்துத் தேடும்போது பெரும்பாலும் உரிமையாளர்கள்தான் வருவார்கள் என்பதால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து படியுங்கள்.