தோட்டத்து உடம்பும் தாமான் உடம்பும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பத்தோடு பட்டணத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். வயது 64. சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் எனக்கு இனிப்புநீரும் (நீரிழிவு) இரத்த அழுத்தமும் இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். உண்மையில் எனக்கு உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லை. என் அம்மா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார். மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே 84 வயது வரை வாழ்ந்தார். இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் தாமானிலேயே இரண்டு பேர் இரத்தம் கழுவப் போகிறார்கள்; இருவரும் நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டவர்கள். ஆகவே நான் மாத்திரையை நிறுத்திவிட்டு, நண்பர் ஒருவர் கொடுத்த மூலிகைப் பொடியைக் குடித்து வருகிறேன். பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். வயதானால் வருவது வந்தே தீரும், அதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பதே என் கேள்வி. என் மனைவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எனக்காகப் பத்தியம் சமைப்பதுதான் அவருக்குச் சுமை.

மு., சுங்கை சிப்புட்

அன்புள்ள மு. அவர்களுக்கு,

மாத்திரையை நிறுத்திவிட்டதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றைப் பேசுவதற்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த தவணைக்குக் காத்திராமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் என்ன பொடி குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொடிப் பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நான் மருத்துவன் அல்லன். எந்த மாத்திரை, எந்த அளவு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் உங்கள் வாதத்தில் பாதி தோட்டத்தைப் பற்றியது என்பதால், அதே மண்ணில் வளர்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா மூன்று வேளை சோறு சாப்பிட்டார் என்பதை அப்படியே நம்புகிறேன். அந்தச் சோறு எங்கே செலவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரைக்குள் இறங்கிய ஒரு பெண், 400, 500 மரங்களில் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, முந்திய வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை உருவிக் கூடையில் போட்டு, பால் வடியும் மங்குக் கோப்பையைத் துடைத்து வைத்து, வெட்டு தாழ இருந்தால் குனிந்தும் உயர இருந்தால் அண்ணாந்தும் உளியை இழுத்து, பால் வடியத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்கு நடந்தார். மேடும் பள்ளமுமான அதே நிலத்தில், அதே மரங்களைப் பால் எடுப்பதற்காக இரண்டாவது தடவையும் சுற்றினார். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளேற்றிக் கொட்டகை வரைக்கும் சுமந்தார். லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு தண்ணீரும் விறகும் துணியும் காத்திருந்தன. இத்தனையும் செய்த உடம்புக்கு ‘உடற்பயிற்சி’ என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தோட்டத்தை விட்டு வந்தபோது நாம் அந்த உழைப்பைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, அந்தச் சோற்றை மட்டும் தாமானுக்குக் கொண்டுவந்தோம்.

இது என் கற்பனை அல்ல. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், இலண்டனின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து எழுதினார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் நாள் முழுதும் படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்தார். ஒரே பேருந்து, ஒரே முதலாளி, ஏறத்தாழ ஒரே வாழ்க்கை நிலை. ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. தோட்டத்தில் அந்த ஓட்டுநரின் இடத்தில் கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்திருந்தார். இனிப்புநீர் என்றாலே கிராணி வீட்டு வியாதி என்று லயத்தில் பேசிக்கொண்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் எல்லோருமே கிராணிகள் ஆகிவிட்டோம், சம்பளம் மட்டும் அப்படி ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறை முழுவதும் 84 வயது வரை வாழ்ந்துவிடவில்லை. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை எப்படிச் சூறையாடியது என்பதற்கு, 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கிய வேலையே சாட்சி. சுதந்திரம் கிடைத்த 1957இல் மலாயாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 56. பெண் குழந்தைக்கு 58. உங்கள் அம்மாவை நீங்கள் நினைக்கிறீர்கள், ஏனென்றால் அவர் இருந்தார். அவர் வயதில் அவரோடு பெரட்டில் நின்று, ஐம்பதைத் தாண்டாமல் போனவர்கள் யாருடைய வாதத்திலும் வருவதில்லை. ‘இராத்திரி நன்றாகத்தான் படுத்தார், காலையில் எழவில்லை’ என்று சொல்லி எடுத்துச் சென்ற சாவுகளில் எத்தனை, அளந்து பார்க்கப்படாத இரத்த அழுத்தத்தால் வந்தவை என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லை என்கிறீர்கள். இந்த இரண்டு நோய்களின் இயல்பே அதுதான், அவை வலிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த அளவு மூவரில் ஒருவரை நெருங்கியது. தெற்காசிய உடம்பு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்குத் தனி எல்லை வைத்திருக்கிறார்கள். தராசைவிடத் தையற்காரரின் அளவு நாடா நமக்கு அதிகம் சொல்லும்.

கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய மூன்று நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, தே தாரேக் என்ற பால் தேநீரை நிறுத்தி, நல்ல பிள்ளையாக இரத்தம் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேரிடம் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அதற்கு ஏமாந்துபோகலாம். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை ஏமாறாது. சிவப்பணு ஒன்று இரத்தத்தில் ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. அந்த நாள்களில் இரத்தத்தில் இருந்த சர்க்கரைக்கு ஏற்ப அதன் மேல் சர்க்கரை ஒட்டுகிறது. ஆகவே அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாத நடப்பைச் சொல்லிவிடும். உங்கள் பதிவுப் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே இருக்கட்டும் என்பார்கள். வயது கூடி, வேறு நோய்களும் உள்ளவருக்கு மருத்துவரே அந்த எல்லையைச் சற்றுத் தளர்த்துவதுண்டு, ஏனென்றால் முதுமையில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போய் மயங்கி விழுவது, கொஞ்சம் ஏறி நிற்பதைவிட ஆபத்தாகிவிடலாம். கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் புரட்டாசி விரதம், தைப்பூச விரதம் என்று சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் கேட்க வேண்டியது இதனால்தான்.

இனி கிட்னி. இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு ஆழமாக வேர்பிடித்தது என்பது எனக்குப் புரிகிறது. ஒருவர் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையைச் சாப்பிடுகிறார். ஒரு நாள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கிட்னி பலவீனமாகிவிட்டது, இந்த மாத்திரையைக் குறைக்கிறேன் அல்லது நிறுத்துகிறேன் என்கிறார். வீட்டில் உள்ளவர்கள், மாத்திரையால்தான் கிட்னி கெட்டது, அதனால்தான் நிறுத்துகிறார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். நடந்தது தலைகீழ். அந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதே கிட்னிதான். கிட்னி தளர்ந்தால் மருந்து தேங்கிவிடும் என்பதற்காக நிறுத்துகிறார்கள். கிட்னியைக் கெடுத்தவை, கட்டுக்குள் வராத சர்க்கரையும் அழுத்தமும். அவை கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளை ஆண்டுக்கணக்கில் சிதைக்கின்றன. முதலில் சிறுநீரில் மிகச் சிறிய அளவில் புரதம் கசிகிறது, அதுவும் வலிக்காது, சோதித்தால்தான் தெரியும். மலேசியாவில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்குச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர்தான் காரணம். உங்கள் தாமானில் உள்ள அந்த இருவரும் மாத்திரை சாப்பிட்டார்கள் என்கிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார்களா, நோய் பிடித்து எத்தனை ஆண்டு கழித்துத் தொடங்கினார்கள், அவர்களுடைய எண்கள் என்னவாக இருந்தன என்பதையெல்லாம் வெளியிலிருந்து நாம் அறிய முடியாது.

கிட்னியைக் கெடுக்கும் மருந்துகள் இல்லாமல் இல்லை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானாகவே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி நிவாரணிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஆச்சரியம் என்னவென்றால், அவற்றைப் பற்றி நம் ஊரில் யாரும் யாரையும் எச்சரிப்பதில்லை. மூலிகை என்று சொல்லி விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு இருந்தால் மூட்டு வலி மாயமாக மறையும், பசி எடுக்கும், முகம் செழிக்கும். சர்க்கரையும் சேர்ந்து ஏறும். உங்கள் நண்பர் கொடுத்த பாக்கெட்டில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், நண்பரின் மனம் நோகுமே என்று யோசிக்காதீர்கள்.

வயதானால் வருவது வந்தே தீரும் என்ற உங்கள் வரியில் பாதி எனக்கு உடன்பாடு. ஆயுளை நீட்டுவதற்காக இவ்வளவு பாடுபட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். 80 வயதில் குளியலறைக்குத் தன் காலிலேயே போய்த் திரும்ப முடியுமா, தரையில் உட்கார்ந்தால் எழ முடியுமா, கோவில் படியில் ஒருவர் கையைப் பிடிக்காமல் ஏற முடியுமா என்பதுதான் என் கவலை. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தசை. நடு வயதிலிருந்தே தசை கரையத் தொடங்கி, அறுபதுக்குப் பிறகு வேகம் பிடிக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பகுதியை உள்வாங்கிக்கொள்வதும் தசைதான். உங்கள் அம்மாவின் சோறு போன வழி அது.

ஒரு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நேரம் பார்க்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத் திறன் குறைந்திருக்கிறது என்று, தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. குறைந்திருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில், சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முழுமையாக முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. உங்களுக்கு 64தான் ஆகிறது. திடலில் மாலையில் நடப்பது நல்லது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து எழுவதையே பயிற்சியாக்கி, நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சந்தையிலிருந்து சாமான் பையை மோட்டார் சைக்கிளில் தொங்கவிடாமல் இரு கையிலும் தூக்கி வாருங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். நடப்பதற்கு முன்னும் பின்னும் பாதங்களைப் பாருங்கள். இனிப்புநீர் பாதத்தின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். சிலிப்பரில் புகுந்த சிறு கல் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் போய், காலை எடுக்கும் நிலைக்கு வந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். மூடிய காலணி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் எடைக்குப் பாதியளவு சர்க்கரை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டு வாங்கிவிட்டு, துணைக்கு இரண்டு கரிபாப்பும் ஒரு வடையும் எடுத்துக்கொள்ளும் தியாகிகளை நானும் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் மனைவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்துப் பார்த்தார் என்று எழுதவில்லை. கணவனின் தவணைத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்து, தன் அழுத்தத்தை ஒரு தடவைகூட அளந்து பார்க்காத பெண்கள் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் நிறைய. உங்கள் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை வருகிறது என்றால், 40 வயதைக் கடந்த உங்கள் இருவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை கிடைக்கும். அதில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். வரவில்லை என்றால், அரசாங்கக் கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை விஷயமாக இந்த வாரம் நீங்கள் போகும்போது அவரையும் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். இருவரின் எண்களும் கிடைத்த பிறகு, விருப்பமிருந்தால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.