மிகவும் பிடித்த விளையாட்டு வீரரை நேரில் சந்தித்திருக்கிறீர்களா? அந்தச் சந்திப்பு உங்களை ஏமாற்றியதா?

சந்தித்திருக்கிறேன். ஏமாற்றவில்லை. "இரண்டு வார்த்தை பேசக்கூட முடியாதென்றால் போய் என்ன பயன்" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படியொரு சந்தர்ப்பம் நெருங்கி வந்திருக்கிறது என்றும், போவதா விடுவதா என்று நீங்கள் தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் சந்தித்தவர் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன். அவர் எனக்கு முன்னால் நின்றது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதற்குள் என் வாயிலிருந்து வந்தது என் அக்கா மகனின் பெயர் மட்டுமே.

அந்த ஒரு நிமிடம் எனக்கு ஏன் போதுமானதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் வலக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் 1984இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டேன். முறிவு வைத்தியர் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை முழுதாக நிமிரவில்லை. எவ்வளவு நீட்டினாலும் முழங்கையில் ஒரு மடிப்பு இன்றும் மிஞ்சி நிற்கிறது. பாரம் தூக்கவும் எழுதவும் அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. பந்தைச் சுழற்றி வீசுவதற்கும் தடையாக இருக்கவில்லை என்பதை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் விளையாடிய எல்லோரும் அறிவார்கள்.

1995 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினொரு வயது. எங்கள் லயத்தில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்து உட்கார்ந்து, மெல்பேர்னில் நடந்த டெஸ்ட் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டியைச் சேர்ந்த, எங்களைப் போலவே மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இலங்கை அணிக்காகப் பந்து வீசுகிறார் என்பதே அந்த வீட்டில் எல்லோருக்கும் பெருமையாக இருந்த காலம் அது. அன்று நடுவர் டரல் ஹெயார், முரளி வீசிய மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை கையை நீட்டி, நோ போல், அதாவது முறையற்ற பந்து, என்றார். முதல் முறை கால் கோட்டைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தோம். பிறகுதான் நடுவர் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறார், முரளி பந்தை வீசாமல் எறிகிறார் என்கிறார் என்று ஓர் அண்ணன் சொன்னார். அறையில் பேச்சு நின்றுபோனது. நான் என் முழங்கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார். அதன் பிறகு 1996இல் பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் முரளியின் கையைப் பரிசோதித்தார்கள். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை என்பதும், பார்ப்பவரின் கண்ணுக்கு எறிவது போன்ற தோற்றத்தை அதுவே தருகிறது என்பதும் தெரிய வந்தன. இந்தச் செய்தியை நான் அறிந்தது பத்திரிகையில். கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

1998இல் எங்கள் பாடசாலையில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போனேன். நான்காவது பந்தோ ஐந்தாவது பந்தோ வீசியபோது பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "பெரிய முரளி என்று நினைப்பா, கையை மடித்து எறிகிறவனுக்கு இங்கே இடமில்லை" என்றார். பாடசாலையின் பெயரையோ அவருடைய பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அவரைப் பழிவாங்குவது என் நோக்கமல்ல. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியே தீருவேன். கை மடிந்திருக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. மடிந்த கை தோள் மட்டத்துக்கு வந்த பிறகு, பந்து விடுபடும் வரையில் நிமிரக் கூடாது என்பதே விதி. மடிந்தது மடிந்தபடியே இருந்தால் அது முறையான பந்துவீச்சு. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் முரளி இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் எடுத்தார். நான் அந்தப் போட்டியை வானொலியில் கேட்டேன். பந்தை மட்டும் மீண்டும் தொடவில்லை.

இனி 2007. நான் கண்டி நகரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். முரளி அவுஸ்திரேலியாவில் இரண்டு டெஸ்ட் போட்டிகளில் நான்கு விக்கெட்டுகள் மட்டுமே எடுத்துவிட்டு, டெஸ்டில் மொத்தம் 704 விக்கெட்டுகள் என்ற கணக்கோடு ஊர் திரும்பியிருந்தார். அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன் வைத்திருந்த 708 என்ற உலகச் சாதனையைத் தாண்ட இன்னும் ஐந்து தேவை. அடுத்த போட்டி அவருடைய சொந்த ஊரான கண்டியில், அஸ்கிரிய மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. போட்டிக்கு முந்திய நாள்களில் ஒரு பிற்பகல், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒன்பது வயதான என் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு பயிற்சியைப் பார்க்கப் போனேன். அஸ்கிரிய, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மைதானம். சுற்றிலும் படிபடியாகத் தரை ஏறி இறங்கும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து வலைப்பயிற்சி நடந்த இடம் மிக அருகில் இருந்தது.

தொலைக்காட்சியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்த ஒன்றை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பந்து விரல்களை விட்டுப் போகும்போது ஒரு சொடுக்கு, அதைத் தொடர்ந்து காற்றில் கருவண்டு பறப்பது போன்ற ரீங்காரம். பம்பரம் விடுகிறவன் கயிற்றைச் சுண்டி இழுக்கும் வேகத்தில் மணிக்கட்டு சுழன்றது. பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது எனக்கே ஒரு கணம் எறிவது போலத் தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. சில அடி நகர்ந்து அவருக்குப் பின்பக்கமாக நின்று பார்த்தால் அந்தத் தோற்றமே இல்லை. தோளும் மணிக்கட்டும் சுழல்கின்றன, இடையில் முழங்கை வளைந்த கொம்பு போல அப்படியே இருக்கிறது. மெல்பேர்னில் அன்றே மறுமுனைக்கு மாறி, வேறொரு நடுவரின் முன்னால் வீசியபோது ஒரு முறைகூட நோ போல் சொல்லப்படவில்லை என்பதை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து வீரர்கள் எங்கள் பக்கமாக வந்தார்கள். மருமகன் தன் கணிதக் கொப்பியை நீட்டினான். முரளி நின்றார். அவனிடம் தமிழில் பெயரைக் கேட்டார். அவன் வாயடைத்து நின்றதால் நான் சொன்னேன். நான் ஒரு படி கீழே நின்றிருந்தேன். கொப்பியை வாங்குவதற்காக அவர் நீட்டிய வலது முழங்கை என் கண்ணுக்கு நேராக, ஒரு முழ தூரத்தில் இருந்தது. கை முழுதாக நீண்டுவிட்டது, அதற்கு மேல் நீளாது, ஆனாலும் மடிப்பு இருந்தது. உள்பக்கத் தோலில் வியர்வையும் செம்மண்ணும் கலந்து ஒரு கோடாகப் படிந்திருந்தது. நீட்டிய கையில் மிஞ்சும் அந்த மடிப்பு எப்படி இருக்கும் என்பதை நான் ஒவ்வொரு நாள் காலையிலும் சட்டை போடும்போது பார்க்கிறேன். வேறொருவர் உடம்பில் அதைப் பார்த்தது அன்றுதான். ஆசிரியர் சிவப்பு மையில் "திருத்தவும்" என்று எழுதியிருந்த பக்கத்தின் கீழ்ப்பாதியில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அவரிடம் கேட்பதற்கென்று பதினொரு வயதிலிருந்து ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ஏழாவது முறை நடுவரின் கை நீண்ட பிறகு, அடுத்த பந்தை வீச எப்படி மனம் வந்தது? நான் ஒரே ஒரு முறை தடுக்கப்பட்டதும் நிறுத்திவிட்டவன் என்பதால் அது எனக்கு முக்கியமான கேள்வி. கேட்கவில்லை. நாக்கு எழவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் கேட்டிருந்தால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், கையைப் பார்த்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

டிசம்பர் 3ஆம் திகதி முரளி இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து 709ஐத் தொட்டபோது, நான் அச்சகத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வானொலியோடு நின்றேன். இயந்திரச் சத்தத்தையும் மீறி மைதானத்து வெடிச்சத்தம் கேட்டது. முதலாளி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

இந்தப் பதிலின் கீழே என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற வரம்பை முரளிக்காகவே கொண்டுவந்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். அதற்கு முன்பே வேகப் பந்துவீச்சாளர்களுக்கு 10 பாகையும் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு 5 பாகையும் அனுமதிக்கப்பட்டிருந்தன. அளந்து பார்த்தபோது, யாருமே சந்தேகிக்காத பந்துவீச்சாளர்கள் உட்படப் பெரும்பாலானோர் முழங்கையை ஓரளவு நிமிர்த்தியே வீசுகிறார்கள் என்று தெரிய வந்தது. 2005இல் எல்லோருக்கும் ஒரே வரம்பு வைத்தது அதனால்தான். 2004இல் முரளி முழங்கையை நிமிர விடாத உலோகக் கம்பி பதித்த உறையை மாட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால் தன் பந்துகள் அனைத்தையும் வீசிக் காட்டினார். தன் கை நேர்மையானது என்பதை இத்தனை முறை நிரூபிக்க வேண்டியிருந்த இன்னொரு பந்துவீச்சாளரை எனக்குத் தெரியாது. இன்னும் சிலர் அவருடைய பிற்கால அரசியல் கருத்துகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவற்றில் பலவற்றோடு எனக்கும் உடன்பாடில்லை, அவை தமிழர் பலரைப் புண்படுத்தியதும் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே கேட்கப்பட்டது சந்திப்பைப் பற்றி. ஒன்பது வயதுப் பிள்ளைக்காக நின்று பெயர் கேட்டு எழுதிக் கொடுத்தவரைப் பற்றித்தான் நான் சாட்சி சொல்ல முடியும்.

ஆகவே போய்விட்டு வாருங்கள். ஹோட்டல் வாசலில் காத்திருக்காதீர்கள், அங்கே எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள், உங்களுக்கு முதுகுகள்தான் தெரியும். பயிற்சி நடக்கும் இடத்துக்கு, முடிந்தால் போட்டிக்கு இரண்டு நாள் முந்தியே போங்கள். உங்களுக்குப் பிடித்த வீரர் பந்தைப் பிடிக்கும் விதத்தையும், தவறிய பிறகு மீண்டும் ஓடத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கும் விதத்தையும் பாருங்கள். ஒரு பிள்ளையை அழைத்துப் போனால் உங்களைவிட அந்தப் பிள்ளைக்காக நிற்பார்கள். எழுதும் பேனாவாக இரண்டு எடுத்துப் போங்கள். அன்று நான் கொண்டுபோன முதல் பேனா எழுதவில்லை, பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பெரியவர் கொடுத்த பேனாவில்தான் அந்தக் கையொப்பம் விழுந்தது. பதற்றத்தில் அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.