நேம்நோடை ஃபார்மேட் செய்யாதீர்கள், வராத இரண்டு கணினிகளைத் தேடுங்கள்

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் ஹடூப் (கோப்புகளைப் பல கணினிகளில் பிரித்துச் சேமிக்கும் மென்பொருள்) போட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார். பட்டியல் வைத்திருக்கும் நேம்நோட் ஒன்று, டேட்டாவைச் சேமிக்கும் டேட்டாநோட் ஆறு. போன வாரம் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டது. திரும்பப் போட்டதிலிருந்து சேஃப் மோடிலேயே நிற்கிறது. திரையில் தெரிவது: மொத்த பிளாக் (கோப்புகளை வெட்டிய துண்டுகள்) 4,20,000, இதுவரை வந்தவை 3,91,874, இன்னும் 27,706 தேவை, இயங்கும் டேட்டாநோட் 4. எங்கள் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள், "மெட்டாடேட்டா கெட்டுப்போச்சு, நேம்நோடை ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும், டேட்டாதான் டேட்டாநோடில் பத்திரமா இருக்கே" என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. அவர் மறுபடி வருவதற்குள் நேம்நோட் கணினியின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

நேம்நோடைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு, அதில் எந்தெந்த பிளாக் என்பது மட்டும்தான் அதில் எழுதியிருக்கும்; அவர் மெட்டாடேட்டா என்றது இதைத்தான். எந்த பிளாக் எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை அது டிஸ்கில் எழுதி வைப்பதே இல்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் டேட்டாநோட்கள் வரிசையாக வந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கு 999 பிளாக்குகளுக்காவது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பிரதி குரல் கொடுக்கும்வரை அது யாரையும் எழுத விடாமல் காத்திருக்கும். சேஃப் மோடு என்பது இந்தக் காத்திருப்புதான். பெயரைக் கேட்டதும் ஏதோ ஐசியூவில் சேர்த்துவிட்டது போல எல்லோரும் பதறுகிறார்கள்.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். மொத்தம் 4,20,000 என்று நேம்நோட் சொல்கிறது. அப்படியென்றால் பதிவேடு முழுசாக இருக்கிறது, அதை வாசிக்கவும் முடிந்திருக்கிறது. கெட்டுப்போயிருந்தால் நேம்நோட் எழுந்தே இருக்காது. பெயர்கள் இருக்கின்றன, பிள்ளைகளில் சிலர் வரவில்லை. அதற்குப் போய் யாராவது பதிவேட்டைக் கிழிப்பார்களா?

வராதவர்கள் யார் என்றும் உங்கள் எண்களே சொல்கின்றன. 4,20,000-இல் 3,91,874 போனால் 28,126. ஆறு கணினிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் உண்டு. பிளாக் ஒவ்வொன்றுக்கும் இரண்டே பிரதிகள் வைத்து அவை சீராகச் சிதறியிருந்தால், எந்த இரண்டு கணினி படுத்தாலும் 15-இல் ஒரு பங்கு பிளாக்குகளுக்கு இரண்டு பிரதியும் போயிருக்கும். 4,20,000-ஐ 15-ஆல் வகுத்தால் 28,000. உங்கள் கணக்கு அதையொட்டியே நிற்கிறது. ஹடூப் சாதாரணமாக மூன்று பிரதி வைக்கும். மூன்று இருந்திருந்தால் இரண்டு கணினி போனதை அது பொருட்படுத்தியே இருக்காது. உங்களுக்கு முன்பு இருந்தவர் டிஸ்க் மிச்சம் பிடிக்க அதை இரண்டாக்கியிருக்கிறார். மேலிடம் டிஸ்க் வாங்கித் தந்திருக்காது, அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வராத இரண்டில் ஒன்று எழுந்தாலே போதும். தொலைந்ததாகத் தெரியும் பிளாக்குகளின் இன்னொரு பிரதி அதில் இருக்கும். எண்ணிக்கை தானாக நிரம்பும், அதற்கப்புறம் 30 வினாடி பொறுத்து சேஃப் மோடும் தானாகவே விலகும்.

முதலில் ஒரு காப்பு. நேம்நோடின் பெயர் அடைவு (அந்தப் பதிவேடு இருக்கும் கோப்புறை) எங்கே இருக்கிறது என்று அமைப்புக் கோப்பில் பார்த்து, அதை அப்படியே வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். உங்கள் அளவுக்குப் பென்டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அந்த அடைவு டெம்ப் கோப்புறைக்குள் இருந்தால் (எதுவும் மாற்றாமல் நிறுவினால் அங்கேதான் போய் உட்காரும்) இன்றே இடம் மாற்றத் திட்டமிடுங்கள். பல லினக்ஸ்களில் ரீபூட் செய்தால் டெம்ப் துடைக்கப்படும். ஒரு நிறுவனத்தின் மொத்தக் கோப்புப் பட்டியலையும் டெம்ப்பில் வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ!

அப்புறம் எழாத இரண்டு கணினிகளுக்குப் போங்கள். டேட்டாநோட் தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். கரண்ட் போன பிறகு நான் அதிகம் பார்ப்பது டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (கணினியோடு இணையாமல்) கிடப்பதைத்தான். ஒரே ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டாநோட் முழுவதும் எழ மறுப்பதுதான் ஹடூப்பின் இயல்பான அமைப்பு, அதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எத்தனை டிஸ்க் வரை போனால் பரவாயில்லை என்று ஒரு எண் கொடுக்க இடம் இருக்கிறது. கெட்ட டிஸ்க் ஒன்றுதான் என்றால் 1 கொடுத்து எழுப்புங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாமலே டேட்டாநோட் எழுந்து, பிளாக் 0 என்று காட்டினாலும் பயப்படாதீர்கள். காலி அடைவைப் பார்த்துப் புதுக்குடித்தனம் தொடங்கியிருக்கிறது. நிறுத்திவிட்டு, டிஸ்கை மவுண்ட் செய்து, மறுபடி எழுப்புங்கள். கணினியே எரிந்துபோயிருந்தால் டிஸ்குகளைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம். பிளாக்குகள் டிஸ்கோடு வரும்.

இதற்கிடையில் மேலாளர் அறிக்கை கேட்டுக் கத்தினால் ஒன்று சொல்லுங்கள்: சேஃப் மோடில் எழுத முடியாது, வாசிக்க முடியும். 15-இல் 14 பங்கு பிளாக்குகள் கையில் இருக்கின்றன. சிறிய கோப்புகளில் பெரும்பாலானவற்றை இப்போதே நகலெடுத்துக் கொடுக்கலாம்.

ஃபார்மேட்டை விட நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. ஃபார்மேட் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் அடுத்து அதுதான் வரும்: "சேஃப் மோடை வலுக்கட்டாயமா விலக்கிட்டு, கெட்ட கோப்புகளை டெலீட் பண்ணிடலாம்." ஹடூப்பின் சோதனைக் கட்டளையைச் சும்மா ஓட்டினால் பட்டியல் மட்டும் தரும், ஆபத்தில்லை. அதோடு டெலீட் என்று சேர்த்தால், பிளாக் வராத கோப்புகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும். திரை உடனே பச்சையாகும். ஏஎம்சி ஆள் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் நீங்கள் அந்த இரண்டு கணினிகளைச் சரிசெய்து எழுப்புவீர்கள். அவை 28,126 பிளாக்குகளோடு வந்து நிற்கும். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளையை வாட்ச்மேன் உள்ளே விடுவாரா? இது எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை என்று நேம்நோட் முடிவு செய்து, அழித்துவிடச் சொல்லும். நல்ல டிஸ்கில் நல்லபடியாக இருந்த டேட்டாவை ஹடூப்பே துடைக்கும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படியே நடந்தது. கணினி எழுந்துவிட்டது என்று அவர்கள் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அழிப்பு நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கட்டளைகள் கேட்கும் உறுதிமொழியைப் பாருங்கள். ஃபார்மேட் 'ஒய்' அல்லது 'என்' என்று ஓர் எழுத்து கேட்கும். டெலீட் அதுவும் கேட்காது. ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுக்க இதைவிட அதிகக் கேள்விகள் உண்டு.

ஒருவேளை இதை நீங்கள் படிப்பதற்குள் ஃபார்மேட் நடந்து முடிந்திருந்தால்? அந்த ஒரு நிலைக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஃபார்மேட் ஆன நேம்நோடுக்குப் புது கிளஸ்டர் ஐடி (இந்தக் கணினிக் கூட்டத்தின் அடையாளம்) வரும். பழைய ஐடி வைத்திருக்கும் டேட்டாநோட்கள் ஐடி பொருந்தவில்லை என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். இணையத்தில் தேடினால் முதலில் வரும் யோசனை, டேட்டாநோடின் அடைவை அழித்துவிட்டு எழுப்பச் சொல்லும். அது வெறும் பயிற்சிக் கணினிக்குச் சொன்னது. நீங்கள் செய்தால் ஆறு கணினிகளின் பிளாக்குகளும் காலி. அந்த ஐடி சண்டைதான் உங்கள் டேட்டாவை இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதைத் தீர்த்துவைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் செகண்டரி நேம்நோடை நிறுத்துங்கள், அப்புறம் மற்ற எல்லாவற்றையும். செகண்டரி என்ற பெயரைப் பார்த்து அதை மாற்று நேம்நோட் என்று நினைத்தவர்கள் ஏராளம். அந்தப் பெயரை வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பதிவேட்டில் சேரும் திருத்தங்களை மணிக்கு ஒருமுறை, அல்லது திருத்தம் பத்து லட்சம் சேர்ந்ததும், புதுப் பிரதியாக எழுதிவைக்கும் குமாஸ்தா அது. ஆனால் இப்போது அந்தப் பழைய பிரதிதான் உங்கள் சொத்து. அதை நகலெடுங்கள். ஃபார்மேட் ஆன அடைவை ஒதுக்கிவைத்து, காலி அடைவு ஒன்றைக் கொடுத்து, அந்தப் பிரதியை இறக்குமதி செய்யும் வழியில் நேம்நோடை எழுப்புங்கள். பழைய ஐடி திரும்பும், டேட்டாநோட்களும் சேரும். ஆனால் அந்தப் பிரதி ஒரு மணி நேரம் வரை பழையதாக இருக்கலாம். அதற்குப் பின் எழுதிய கோப்புகளின் பிளாக்குகள் பெயரில்லாத பிள்ளைகள்; சேஃப் மோடு விலகியதும் மேலே சொன்ன அதே வாட்ச்மேன் வருவார். அதனால் எழுந்த உடனேயே உங்கள் கையால் சேஃப் மோடில் போட்டுப் பூட்டுங்கள். கையால் போட்டது தானாக விலகாது. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன எழுதினீர்கள், அதைத் திரும்ப உருவாக்க முடியுமா என்று கேட்டு முடித்த பிறகே விலக்குங்கள்.

டேட்டா ரெகவரி கடைக்கு டிஸ்கை அனுப்பும் யோசனையும் வரும். டிஸ்க் எரிந்திருந்தால் தவிர வேண்டாம். அவர்கள் திருப்பித் தருவது பிஎல்கே 1073741825 என்பது போன்ற பெயர்களில், 128 எம்பிக்கு மிகாத ஆயிரக்கணக்கான துண்டுகள். எது எந்தக் கோப்பின் எத்தனையாவது துண்டு என்று சொல்லும் ஒரே ஆவணம் நேம்நோடில் இருந்தது. டெரா பைட்டுக்கு இவ்வளவு என்று பில் மட்டும் தெளிவாக வரும்.

சேஃப் மோடு தானாக விலகிய பிறகு பிரதி எண்ணிக்கையை மூன்றாக்குங்கள். அமைப்புக் கோப்பில் மாற்றினால் இனி எழுதும் கோப்புகளுக்குத்தான் பொருந்தும். பழையவற்றுக்குத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். இடம் ஒன்றரை மடங்கு பிடிக்கும். டிஸ்குக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கும் சேர்த்தே மேலாளரிடம் கடிதம் கொடுங்கள், எழுத்தில். ஏஎம்சி ஆள் திரும்ப வந்தால் வராத இரண்டு கணினிகளின் லாகை அவர் கையில் கொடுத்து, முதலில் இதைப் படியுங்கள் என்று சொல்லுங்கள்.