குழுச் செயல்திட்டத்தில் யாருக்கு எத்தனை மார்க்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். ஐந்தைந்து பேராகப் பிரித்து, 'எங்கள் ஊர் ஏரி' பற்றி பி.பி.டி. செய்து வரச் சொன்னேன். எல்லாக் குழுவும் பளிச்சென்று கொண்டு வந்துவிட்டார்கள். யார் செய்தார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று தெரியவில்லை. டிஜிட்டல் திறனுக்கும் கூடி வேலை செய்வதற்கும் எப்படி மார்க் போடுவது? தலைக்கு 300 ரூபாய் கட்டினால் 'சர்வதேசத் தர' ஆன்லைன் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவதாக ஒருவர் வந்து பேசினார். சேரலாமா?

பதில்: முதலில் அந்த 300 ரூபாய். சேராதீர்கள். இப்படி வருகிறவர்கள் பேச்சுக்குப் பேச்சு, பல நாட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் 'பீசா' (PISA) தேர்வை இழுப்பார்கள். 2015 பீசாவில் கூடிச் சிக்கல் தீர்க்கும் திறனைச் சோதித்தது உண்மைதான். 15 வயதுப் பிள்ளைகள் கணினி உருவாக்கிய தோழர்களோடு அரட்டைப் பெட்டியில் பேசி விடை தேடினார்கள், சிங்கப்பூர் முதலிடம். ஆனால் அது நாடுகளை ஒப்பிட வைக்கும் தேர்வு. அதில் எந்தப் பிள்ளைக்கும் தனி மார்க்கும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒன்றிய அரசு 2017-இல் கொண்டுவந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில்கூடப் படிப்பவரிடம் காசு வாங்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் 300 ரூபாய் வாங்கி, நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்வது அநியாயம்.

அடுத்து அந்தப் பளிச். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' என்று போய் 'ஆதர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையின் பெயர் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பிள்ளையைத் திட்ட வேண்டாம். வீட்டில் கணினி இல்லாத பிள்ளையிடம் பி.பி.டி. கேட்டது நாம்தான்.

இனி வேலையைப் பள்ளியின் ஹைடெக் லேபில், அதாவது கணினி அறையில், உங்கள் கண்ணெதிரே வையுங்கள். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தகவலைக் கொடுத்து, 'இது உண்மையா, 40 நிமிடத்தில் சொல்லுங்கள்' என்று விடுங்கள். ஒரு பிள்ளை முதலில் வந்த வீடியோவை நம்பிவிடும். இன்னொன்று, யார் எழுதியது, எந்தத் தேதி என்று பார்க்கும். வேறொன்று, சத்து சேர்க்க நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த செறிவூட்டிய அரிசியைத்தான் பிளாஸ்டிக் என்கிறார்கள் என்பதுவரை போய்விடும். டிஜிட்டல் திறன் இதுதான். தட்டச்சு வேகத்துக்கும் ஸ்லைடு அலங்காரத்துக்கும் மார்க் வேண்டாம்.

கூடி வேலை செய்வதைப் பார்க்க, கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தால் போதும்; யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்று நிறம் பிரித்துக் காட்டும்.

ஆனால் ஒரே ஜிமெயிலில் ஐந்து பேரும் எழுதினால் இது உதவாது. எல்லா வரியும் ஒரே பெயரில்தான் நிற்கும். எட்டாம் வகுப்பில் பலருக்கு 13 வயதே முடிந்திருக்காது, சொந்தமாகக் கணக்குத் தொடங்க முடியாது. அப்பா கணக்கில் ஒருவன் நுழைவான், மற்ற நால்வரும் பக்கத்தில் நிற்பார்கள். அதைப் பார்த்து 'ஒருவனே செய்தான்' என்று மார்க் போட்டால், தகவல் தேடிச் சொன்ன பிள்ளைக்குப் பூஜ்யம். அங்கே ஹிஸ்டரியை விட்டுவிட்டு மவுஸைப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றி உட்கார வையுங்கள். மாற்றாவிட்டால் பையன்கள் கையிலேயே மவுஸ் இருக்கும், பெண் பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். உட்காரும்போது பெயரையும், என்ன செய்தார்கள் என்பதை ஒரு வரியும் அவர்களே நோட்டில் எழுதட்டும். கருத்து மோதும்போது என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். காரணம் கேட்கும் பிள்ளைக்கும், தன் விடையை மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கும் மார்க் உண்டு.

வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே போடும் மார்க்கில்) செயல்பாட்டுக்கு 10 என்றால் 6 தனி ஆளுக்கு, 4 குழுவுக்கு. அந்த 6-ஐ முடிவு செய்ய, ஒவ்வொரு பிள்ளையிடமும் நோட்டில் எழுதிய வரியைக் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை எங்கே பார்த்தாய், ஏன் நம்பினாய்?' மேலதிகாரிகள் கேட்பது ஓர் எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பதிவேற்றத் தேதி குறிப்பவர்கள், பிள்ளையைப் பார்க்க ஒரு பாடவேளைகூட ஒதுக்குவதில்லை. நீங்கள் ஒரே நாளில் எல்லோரையும் பார்க்க முயல வேண்டாம். வாரத்துக்கு இரண்டு குழு போதும்.