பிரேக்கரும் பாஸ்வேர்டும்: பேராசிரியர் பதில்கள்

மின்நிலையம், குடிநீர் சுத்திகரிப்பு, எண்ணெய்க் குழாய் போன்றவற்றின் கட்டுப்பாட்டுக் கணினிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட பொறியியல் பேராசிரியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், நீங்கள் படித்தது மின்பொறியியல். சைபர் பாதுகாப்புப் பக்கம் எப்படி வந்தீர்கள்?

ரிலே வழியாக வந்தேன். மின்கம்பியில் கோளாறு வந்ததும் அதைக் கண நேரத்தில் கண்டுபிடித்து, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. நான் படித்தபோது அது கம்பிச்சுருளும் சுழலும் தட்டும் கொண்ட ஒரு பெட்டி. பாடம் நடத்த வந்தபோது அதுவே ஒரு சின்னக் கணினியாகிவிட்டது, நெட்வொர்க்கில் ஒரு முகவரியும் வந்துவிட்டது, எங்கோ உட்கார்ந்துகொண்டு அதன் அமைப்புகளை மாற்றலாம் என்று ஆகிவிட்டது. சரி, காவலுக்கு வைத்த கருவியையே ஒருவன் கைக்குள் போட்டுக்கொண்டால்? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

2007இல் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 'அரோரா' என்று ஒரு சோதனை நடந்தது. 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்று. ரிலேவுக்குக் கட்டளை அனுப்பி பிரேக்கரைத் திறந்தார்கள், ஜெனரேட்டரின் சுழற்சி மின்தொகுப்போடு ஒத்துப்போகாத நேரம் பார்த்து மறுபடி மூடினார்கள். அப்படி மூடும்போது மொத்த மின்தொகுப்பும் சேர்ந்து அந்தத் தண்டைத் தன் கதிக்கு வெடுக்கென்று இழுக்கும். சில தடவை இதைச் செய்ததும் அவ்வளவு பெரிய இயந்திரம் குலுங்கிக் குலுங்கி, புகை கக்கி நின்றுபோனது. வீடியோ வெளியானது, இன்றும் அதை வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். எந்தக் கணத்தில் மூடினால் தண்டு முறுக்கிக்கொள்ளும் என்பது மின்பொறியாளருக்குத்தான் தெரியும். தடுக்க நினைப்பவருக்கும் அதே அறிவு வேண்டும். இந்தத் துறையில் நான் தங்கிவிட்டதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தை விட்டுவிட்டு எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸ் சேரலாமா, சார்?

சேருங்கள், தப்பில்லை. ஆனால் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள், தம்பி. ஹேக்கிங் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வால்வு எவ்வளவு வேகமாக மூடினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும் என்று சொல்லத் தெரிந்து, கூடவே நெட்வொர்க்கும் தெரிந்தவர்களைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஆலையில் பம்பு, வால்வு போன்றவற்றை இயக்கும் சின்னக் கணினிக்கு பிஎல்சி என்று பெயர். ஓப்பன்பிஎல்சி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு ஒரு தண்ணீர்த் தொட்டியை இயக்குவதுபோல் நிரல் எழுதுங்கள்: மட்டம் குறைந்தால் பம்பு ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் நெட்வொர்க்கில் போகும் செய்திகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து அந்த பிஎல்சிக்குப் போகும் மோட்பஸ் செய்தி ஒன்றைப் பாருங்கள். மோட்பஸ் 1979இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக உருவாக்கிய, கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிமுறை, இன்றைக்கும் உலகெங்கும் ஓடுகிறது. பம்பை ஓட்டச் சொல்லும் கட்டளை மொத்தமே 12 பைட்தான். முதல் 7 பைட் தலைப்பு. அடுத்த ஒரு பைட்டில் 05 என்று இருக்கும், 'ஒரு சுவிட்சை மாற்று' என்று பொருள். அதற்கடுத்த இரண்டு பைட்டில் எந்த சுவிட்ச், கடைசி இரண்டில் ஆன் அல்லது ஆஃப். யார் அனுப்பினார்கள் என்று நிரூபிக்க அதில் எங்கே இடம் இருக்கிறது என்று தேடுங்கள். இருக்காது. அந்தக் காலத்தில் ஆலைக்குள் ஒரே கேபிளில் இருந்தவர்கள் எல்லோருமே நம்பகமானவர்கள், அதனால் அதை யாரும் வைக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்த மாணவனுக்கு மிச்சப் பாடம் தானாகப் புரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் எந்த ஆலையின் நெட்வொர்க்கையும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். சாதாரண ஸ்கேன் பட்டாலே நின்றுபோகும் பழைய பிஎல்சிகள் உண்டு, அது நின்றால் அதன் முனையில் இருக்கும் பம்போ பாய்லரோ என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒரு தடவை மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போடுகிறோம். ஆலைகளில் ஏன் முடியாது என்கிறார்கள்? சோம்பேறித்தனமா?

இல்லவே இல்லை. அலுவலகக் கணினியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் டீ குடித்துவிட்டு வரலாம். உலையை ஓட்டும் கணினிக்கு அந்த ஐந்து நிமிடம் கிடையாது, அடுத்து ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாள்வரை காத்திருக்க வேண்டும், சில இடங்களில் அது ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். பேட்ச் போட்ட பிறகு எல்லாம் பழையபடியே நடக்கும் என்று யாராவது பரிசோதித்துக் கையெழுத்தும் போட வேண்டும். அதனால்தான் நாங்கள் சுற்றிவளைத்துப் பாதுகாக்கிறோம்: ஆலை நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கலாம் என்று வரையறுப்பது, வழக்கமில்லாத கட்டளை வந்தால் எச்சரிப்பது. ஐஇசி 62443 என்ற தரநிலை இதைத்தான் விரிவாகச் சொல்கிறது.

கேள்வி: எங்கள் கருவிகள் இணையத்தில் இணைக்கப்படவே இல்லை. அப்புறம் என்ன பயம்?

2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நடான்ஸ் ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் குறிவைத்தது. பென்டிரைவ் வழியாகவும் பரவக்கூடியதாக அதை எழுதியிருந்தார்கள். சுழற்சி வேகத்தை ஏற்றி இறக்கிக் கெடுத்துக்கொண்டே, கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் எல்லாம் சரி என்ற பழைய அளவீடுகளைக் காட்டியது. உங்கள் ஆலைக்குப் பராமரிப்புக்காரரின் லேப்டாப் வருகிறதா? வந்தால் நீங்களும் இணைந்துதான் இருக்கிறீர்கள்.

கேள்வி: உக்ரைன் மின்வெட்டை எல்லாக் கட்டுரையிலும் குறிப்பிடுகிறீர்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

2015 டிசம்பர் 23. சைபர் தாக்குதலில் மூன்று மின்விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது, அவரால் தடுக்க முடியவில்லை. தாக்கியவர்கள் பல மாதம் முன்பே மின்னஞ்சலில் வந்த ஓர் ஆவணம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பாஸ்வேர்டுகளைச் சேர்த்து, பொறுமையாகக் கட்டுப்பாட்டு நெட்வொர்க் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள். பிரேக்கரைத் திறந்ததோடு விடவில்லை. சப்ஸ்டேஷனோடு பேச உதவும் இணைப்புக் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள், கணினிகளின் டிஸ்க்கைத் துடைத்தார்கள், வாடிக்கையாளர் அழைப்பு மையத்துக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டி உண்மையான புகார் உள்ளே வராமல் செய்தார்கள். யோசித்துப் பாருங்கள், மின்சாரம் போனதும் ஒரு நிறுவனம் வரிசையாக என்னென்ன செய்யும் என்று படித்து, அந்த ஒவ்வொரு படியையும் வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியும் சில மணி நேரத்திலேயே மின்சாரம் திரும்பியது. எப்படி? ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குப் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இதை நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுதான் காரணம். தானியங்கி வந்துவிட்டது என்று அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நிர்வாகத்திடமும் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: பேராசிரியர் வேலையில் இந்தத் துறைக்கென்று தனிக் கஷ்டம் உண்டா?

உண்டு. முதலாவது, தரவு கிடைக்காது. எந்த மின்நிறுவனமும் தன் நெட்வொர்க்கைத் திறந்து காட்டாது, அது நியாயமும்கூட. அதனால் ஆய்வகத்திலேயே ஒரு குட்டி ஆலை கட்ட வேண்டியிருக்கிறது: உண்மையான பிஎல்சி, உண்மையான ரிலே, அவற்றுக்குப் பின்னால் கணினியில் ஓடும் மின்தொகுப்பு மாதிரி. கட்டி முடிக்க வருடங்கள் ஆகும், அந்த வருடங்களில் கட்டுரை வராது, பதவி உயர்வுக் குழு கட்டுரை எங்கே என்று கேட்கும். இரண்டாவது, கணினி இதழுக்கு அனுப்பினால் மின்சாரம் அதிகம் என்பார்கள், மின்சார இதழுக்கு அனுப்பினால் கணினி அதிகம் என்பார்கள். இளம் ஆசிரியர்கள் இதில் மனம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். இவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு துறையிலும் ஆளுக்கொரு கூட்டாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள், தனியாக இழுக்காதீர்கள்.

கேள்வி: தாக்கும் வழிகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடுவது திருடனுக்குப் பாடம் எடுப்பது ஆகாதா?

நியாயமான பயம். 2009இல் யாவ் லியு, பெங் நிங், மைக்கேல் ரைட்டர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மின்தொகுப்பில் சென்சார்கள் அனுப்பும் அளவீடுகளில் தப்பானதை வடிகட்ட ஒரு கணக்கு முறை உண்டு. தொகுப்பின் அமைப்பு தெரிந்த ஒருவன், அந்த வடிகட்டியில் மாட்டாதபடி பொய் அளவீடுகளைக் கோத்து அனுப்ப முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதுவரை அந்த வடிகட்டி போதும் என்று பலரும் நம்பியிருந்தோம். கட்டுரை வந்த பிறகுதான், எந்தெந்த சென்சாரை முதலில் பாதுகாத்தால் இந்தப் பொய் எடுபடாது என்ற ஆய்வு உலகம் முழுக்கத் தொடங்கியது. கொள்கையளவில் உள்ள ஓட்டையை வெளியே சொல்வதுதான் சரி என்பேன். குறிப்பிட்ட ஒரு கருவியின் ஓட்டை வேறு விஷயம்: முதலில் தயாரிப்பாளருக்குச் சொல்லி, சரிசெய்ய அவகாசம் கொடுத்து, அப்புறம்தான் எழுத வேண்டும்.

கேள்வி: என் மகள் இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்யப் போகிறாள். ஆபத்தான வேலையா, ஐயா?

ஆய்வகத்து வேலையில் ஆபத்து இல்லை அம்மா. களத்துக்குப் போகும்போது மற்ற பொறியாளர்களைப் போல ஹெல்மெட்டும் பாதுகாப்புக் காலணியும் போட்டுக்கொள்ள வேண்டும். தைரியமாக அனுப்புங்கள், உங்கள் மகளைப் போன்றவர்கள் எங்களுக்கு அவசியம் வேண்டும்.

கேள்வி: நான் ஓர் ஆலையில் கருவிப் பொறியாளர். பாதுகாப்புக்குப் பணம் கேட்டால் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்வதில்லை. என்ன செய்வது?

பணம் கேட்காமல் செய்யக்கூடியதை முதலில் முடியுங்கள். 2017இல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், விபத்து நேராமல் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள்ளேயே டிரைட்டன் என்ற தீநிரல் நுழைந்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அது 'ரன்' நிலையில் இருந்தால் நிரலை மாற்ற முடியாது. அங்கே 'புரோகிராம்' நிலையில் விட்டிருந்தார்கள். நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போனதும் உங்கள் சாவிகளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் திருப்பி வைக்கிறார்களா என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து, வெளியிலிருந்து உள்ளே வரும் கணக்குகளின் பட்டியலை எடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் நுழைந்தது, வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வர உதவும், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. இரண்டாவது அடையாளச் சரிபார்ப்பு அதில் இல்லை, பாஸ்வேர்டு மட்டும்தான். அலுவலகக் கணினிகள் மாட்டிக்கொண்டதும் நிறுவனமே பயந்து குழாயை நிறுத்தியது, பல நாள் எரிபொருள் ஓடவில்லை, சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகையும் கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு உங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து மூட ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் ஒவ்வொரு பிஎல்சியின் நிரலையும் நகலெடுத்து, நெட்வொர்க்கோடு இணைக்காத இடத்தில் தேதி போட்டு வையுங்கள். இந்த மூன்றையும் முடித்து, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஆலை ஒரு நாள் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்ற எண்ணை உற்பத்திப் பிரிவிடமே வாங்கி அதன் தலையில் போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். அந்த எண் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எண், அதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். கேட்ட பணம் வந்தால் முதலில் அலுவலக நெட்வொர்க்கையும் ஆலை நெட்வொர்க்கையும் பிரிக்கச் செலவிடுங்கள்.