கணக்குச் சொல்லாத தலைவர்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 41. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. சென்ற ஆண்டு நிறுவனம் எங்களைத் தலைமைப்பண்புப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. தன்னை நடத்தத் தெரிந்தவனே குடும்பத்தை நடத்த முடியும் என்று அங்கே சொன்னது மனத்தில் தைத்தது. அன்றிலிருந்து அதிகாலை நான்கரைக்கு எழுகிறேன், நடக்கிறேன், நாட்குறிப்பு எழுதுகிறேன். ஞாயிறுதோறும் வீட்டில் குடும்பக் கூட்டம் நடத்துகிறேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இலக்குகள் எழுதி, சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டி, வார முடிவில் மதிப்பெண் இடுகிறேன். ஆனால் யாரும் ஒத்துழைப்பதில்லை. மகன் சிரிக்கிறான். மனைவி கூட்டத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். (இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்கில் நான்கு லட்சம் போய்விட்டது. அதற்கு வாங்கிய பர்சனல் லோன் தவணை இன்னும் போகிறது. வீட்டில் சொல்லி அவர்களைக் கலங்கடிக்க விரும்பவில்லை. ‘இடும்பைக்கே கொள்கலங் கொல்லோ’ என்றபடி நானே தாங்கிக்கொள்கிறேன்.) என்னையும் குடும்பத்தையும் வழிநடத்த வேறு என்ன பழக்கங்களை நான் வளர்த்துக்கொள்ள வேண்டும்? என்ன நூல்கள் படிக்கலாம்?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நூல் பட்டியல் என்னிடம் இல்லை. அதிகாலையில் எழுவது உடம்புக்கு ஒத்துக்கொண்டால் எழுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் தூங்குங்கள். பின்னலாடைத் தொழிலில் ஷிப்மெண்ட் நேரத்தில் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்பது எனக்குத் தெரியும். மகன் சிரிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதினான்கு வயதில் அப்பாவைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமானது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. நாட்குறிப்பையும் நடையையும் விரிவாக எழுதிய நீங்கள் நான்கு லட்சத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் இடுகிறீர்கள்; அந்த அட்டவணையில் உங்களுக்கு ஒரு கட்டம் உண்டா? உண்டென்றால் இந்த மாதத் தவணையை அதில் எந்த நிறத்தில் குறித்தீர்கள்? கீரை ஆய்ந்தபடி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி, உங்கள் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டு இரவுச் சமையலையும் பார்த்துக்கொள்கிறார். அதை ஒத்துழையாமை என்று எழுத உங்களுக்குக் கை கூசியிருக்க வேண்டும்.

பணம் போனதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் வருங்கால விலையை வைத்து நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நீங்கள் தனித்த முட்டாள் அல்லர், பெருங்கூட்டத்தில் ஒருவர். சம்பளம் போதாமல், பிள்ளைகளின் படிப்புக்கு முன்கூட்டியே ஏதாவது சேர்த்துவிட வேண்டும் என்ற பதைப்பில்தான் இறங்கியிருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அந்தப் பதைப்பு மரியாதைக்குரியது. அதை மறைத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதுதான் மரியாதைக்குரியதல்ல.

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. சில காலமாகவே என் தந்தையாரின் பழைய கணக்கேடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேட்டில், பக்கத்தின் தலையில் உ போட்டு, அதன் கீழ் வரவையும் பற்றையும் அச்சடித்தது போல் எழுதுவார். இரவில் ரொக்க இருப்பு ஏட்டோடு ஒத்துப்போகாமல் எட்டணா இடித்தால்கூட வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டார். நான் அரிக்கேன் விளக்கோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் நுனியால் வரிவரியாகத் தடவிக்கொண்டே கீழிறங்கி, எங்கோ ஒரு விளக்கெண்ணெய்ச் செலவில் பிழையைப் பிடித்த பிறகுதான் எழுந்திருப்பார்.

அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் ஒரு வரி கணக்கு எழுதியதில்லை. என் தாயார் கேட்டால், ‘உனக்கு எதுக்கு அதெல்லாம், நான் இருக்கேன்ல’ என்பார். அன்பாகத்தான் சொல்வார். அவர் திடீரென்று மாரடைப்பில் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே ஆட்கள் புரோநோட்டோடு வரத் தொடங்கினார்கள். எது உண்மையான கடன், எது ஏற்கெனவே அடைத்த கடன், எதற்கு வட்டி பாக்கி என்று தாயாருக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்து அவருடையதுதான் என்று மட்டும் தெரிந்தது. இரட்டைவடச் சங்கிலி போயிற்று, ஊருக்கு மேற்கே இருந்த சிறு புஞ்சை போயிற்று. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவரிடம் கைமாற்று வாங்கியவர்களில் ஒருவர்கூட வரவில்லை. வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் கணக்கு எழுதிய வீட்டிலேயே வேறு ஒரு வழக்கம் இருந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. நகரத்தார் எனப்படும் அந்தச் செட்டியார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனை ‘வேறு வைப்பார்கள்’. வீட்டை விட்டு வெளியே அனுப்புவதல்ல அது. அதே வளவில், அதே கூரையின் கீழ், அந்த இளம் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி அறை, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த நெல்லும் பணமும். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்த வேண்டும். கோயில் வரிக்கு அவர்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. நான் பார்த்த வீட்டில், மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் தன் நாள்சிட்டையை, அதாவது அன்றாட வரவு செலவு ஏட்டைக் கொண்டுவந்து தகப்பனார் முன் வைப்பான். அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டில் பெரியவருடைய ஐந்தொகையும், அதாவது மொத்தச் சொத்துக் கடன் கணக்கும், மகன்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு குறைகள் நிறைய உண்டு. ஆனால் வீட்டை நடத்துவது கற்றுக்கொடுக்கப்பட வேண்டிய வேலை என்பதையும், கையில் ஒரு சிறிய பொறுப்பை உண்மையாகவே கொடுக்காமல் அதைக் கற்பிக்க முடியாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் சுவரில் உள்ள அட்டவணை யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, கேட்க மட்டும் செய்கிறது.

நம் ஆண்களிடம் ஊறிப்போயிருக்கும் இந்த மனநிலைக்குச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. இந்துக் கூட்டுக்குடும்பத்தின் தலைவருக்குக் ‘கர்த்தா’ என்று பெயர். இந்துச் சொத்துரிமை மரபுகளில் ஒன்றான மிதாட்சரத்தில், கையாடல் அல்லது மோசடி நிறுவப்பட்டாலொழிய, பாகப்பிரிவினையின்போதுகூடக் கடந்த காலச் செலவுகளுக்குக் கணக்குக் காட்டும்படி அவரைக் கேட்க முடியாது. அன்றைய தேதியில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் பங்குக்கு வரும். ஏன் குறைந்தது, எங்கே போனது என்று தம்பிமார் கேட்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் வந்த திருத்தங்கள் மகள்களையும் பங்காளிகளாக்கின. மூத்த மகள் கர்த்தாவாகலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கூட்டுக்குடும்பம் பெரும்பாலும் கலைந்துவிட்டது. கர்த்தா மட்டும் கலையவில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில், நான்கு பேர் கொண்ட குடும்பத்தில், கையில் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இப்போது தலைமைப்பண்புப் பயிற்சியும் கிடைத்துவிட்டது.

நீங்கள் காட்டிய குறளுக்கு வருகிறேன். அது 1029-ஆம் குறள், குடிசெயல்வகை அதிகாரம். குடும்பத்துக்கு வரும் கேட்டைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்பவனைப் பற்றியது. தான் வரவழைத்த கேட்டை மறைப்பவனுக்கு அதில் இடமில்லை. அந்த அதிகாரத்தை வள்ளுவர் இல்லறவியலில் வைக்கவில்லை, பொருட்பாலில், உழவுக்கு முன்னால் வைத்தார் என்பதையும் கவனியுங்கள். குடும்பத்தை உயர்த்துவது அவருக்கு உழைப்பும் பொருளும் சார்ந்த காரியமாகத்தான் தோன்றியிருக்கிறது. மேற்கோள் காட்டுமுன் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். பழக்கங்கள் கேட்டீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘அவர்களைக் கலங்கடிக்க விரும்பவில்லை’ என்கிறீர்கள். உங்கள் தந்தையும் இதைத்தான் சொல்லியிருப்பார், என் தந்தையும் இதைத்தான் சொன்னார். நாடு முழுவதும் இப்படிக் கலங்கடிக்க விரும்பாத ஆண்கள் எவ்வளவு பேர் என்பதற்கு வங்கிகளில் ஒரு தடயம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி 2014-இல் தொடங்கிய நிதிக்கு மாற்றப்படுகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி மாற்றிய தொகை 35,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு ஆகஸ்டில், பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்க உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்க வேண்டியதாயிற்று. இந்தப் பணத்தின் பின்னால் முகவரி மாறியவர்களும் மறந்துபோனவர்களும் உண்டு. ஆனால் ‘நான் இருக்கேன்ல’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பங்கு அதில் சிறியதாக இருக்காது என்று அடித்துச் சொல்வேன். அவர்கள் சேமிப்பையே சொல்லவில்லை என்றால் கடனை எங்கே சொல்லியிருப்பார்கள்?

என் தந்தையார் காலத்தில் பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் தவணை மாதந்தோறும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது, குறுஞ்செய்தி உங்கள் கைப்பேசிக்கு மட்டும் வருகிறது, அதை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்து கட்டும்போது கையிருப்பு எவ்வளவு என்ற உணர்வே யாருக்கும் இல்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் ஒரே பழக்கம் இது: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கங்களில் குடும்பத்தின் எல்லா விவரங்களும் இருக்கட்டும்: எந்த வங்கி, எந்தக் கிளை, பிஎஃப், காப்பீட்டுப் பாலிசி, சீட்டு, அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது, யாருக்குக் கைமாற்று கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம். நாமினி பெயரையும் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் பலருக்கு இன்னும் அம்மாவின் பெயரே இருக்கிறது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று 1984-இலேயே ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் என்ன என்பதை 2015-இல் வந்த திருத்தம் மாற்றியது; வங்கிக் கணக்குகளுக்கு இன்னும் இதுதான் நிலை. அதனால் உயில் பற்றியும் யோசியுங்கள். பிறகு வரும் பக்கங்களில் வாராவாரம் வங்கி அறிக்கையைப் பார்த்து வரவு செலவு எழுதுங்கள். எழுதுவது ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் உங்கள் மனைவி, ஒரு வாரம் உங்கள் மகன். அவன் எழுதும் வாரத்தில் உங்கள் டீக்கடைச் செலவைப் பற்றி ஏதாவது சொல்வான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இந்த நோட்டுப் போதும். சுவரில் இருப்பதைக் கிழித்துவிடலாம்.

ஆனால் அந்த நோட்டின் கடன் பக்கம் உங்கள் கையால், உங்கள் மனைவி முன்னிலையில் எழுதப்பட வேண்டும், அதுவும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில். கடனாளி இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அது தெரியாத ஒரு பெண்ணிடம் வசூலுக்கு வருபவர் அதைச் சொல்லமாட்டார். அவர் வந்து சொல்லும் முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது ‘உங்களுக்காகத்தான் செய்தேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மனைவி அழலாம், பேசாமல் இருக்கலாம், இதுவரை நீங்கள் வைத்த மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் முகத்தில் வீசலாம். எல்லாவற்றுக்கும் அவருக்கு உரிமை உண்டு. அது அடங்கிய பிறகு அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதாகத்தான் இருக்கும். ‘ஏறக்குறைய’ என்று நீங்கள் இழுத்தால் மறுபடியும் மறைப்பதாகத்தான் தோன்றும். அதனால் முந்தைய நாளே வங்கிக்குப் போய் அசல் பாக்கி, வட்டி விகிதம், மீதித் தவணைகள், முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்.