கிழவருக்கு ஏன் சீர்காழியின் குரல்?

அன்பின் அண்ணைக்கு,

போன ஞாயிறு வீட்டில் எல்லோருமாக இருந்து ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தோம். றிமோட் ஓ.எல். படிக்கிற மகனின் கையில். பாட்டு வருகிற இடமெல்லாம் தள்ளிவிட்டான். நான் ஏசவில்லை. படம் முடிந்தபோது எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை, சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தோம். சோகப் படம் என்றால் பாட்டு வேண்டும், ஆறுதலாக இருந்து அழ ஓர் இடம் வேண்டுமே. காதலும் பகிடியுமாகப் போகிற படத்தில் பாட்டு எதற்கு? இசைத்தட்டு விற்பதற்காகச் செருகியதுதானே? நீங்கள் பழைய பாட்டுகளைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கொக்குவில்

அன்பின் கொக்குவில் வாசகருக்கு,

மகனை ஏசாமல் விட்டது நல்லது. ஏசினால் பிறகு அவன் பழைய படத்துக்குக் கிட்டவும் வரமாட்டான். ஆனால் அவன் தள்ளிவிட்டதில் பகிடியும் போய்விட்டது. அதுதான் என் பதில். எப்படி என்று சொல்கிறேன்.

1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். பாட்டெல்லாம் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. அவருடைய மகள்மாரோடு கொளுவி வேலையை இழந்த ரவிச்சந்திரன், வீட்டுக்கு எதிரே கூடாரம் அடித்துப் போராட்டத்தில் இறங்குகிறார். ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ அங்கேதான் வருகிறது. தொழிற்சங்க ஊர்வலத்தின் கோஷம் அப்படியே மெட்டாகிறது. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதுவும் மரியாதை இல்லாமல். இசையமைத்தவரின் பெயரும் விஸ்வநாதன் என்பது மேலதிகம். அந்தக் கோஷத்தைப் பாட யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள். பி.பி.ஸ்ரீநிவாஸ்! தமிழ் சினிமாவில் அதைவிட மென்மையான ஆண் குரல் ஒன்றைக் காட்டுங்கள். தொண்டை கிழியக் கத்தவேண்டிய ஒன்றைத் தாலாட்டுகிற குரலில் பாடவைத்தால், இந்தப் போராட்டக்காரருக்கு வேலை மட்டும் வேண்டியிருக்கவில்லை என்பது வசனம் இல்லாமலே விளங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் அது, 1961 பெப்ரவரியில் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களின் காலம். வாசலை மறித்து இருப்பது என்றால் என்னவென்று தெரிந்த அவர்களுக்கு இந்தப் பகிடி எங்களைவிடக் கூடுதலாகப் பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி முத்துராமனுக்கு வாருங்கள். படத்தில் அவருக்கு இரண்டு வேடம் என்றே சொல்லலாம். காஞ்சனாவைக் காதலிக்கிற இளைஞர் ஒன்று. நண்பனுக்காகப் பணக்காரத் தகப்பனாக நடிக்கிற கிழவர் மற்றது. காதலனாக ‘என்ன பார்வை உந்தன் பார்வை’ பாடும்போது குரல் யேசுதாசுடையது. அப்போது அவர் தமிழுக்கு வந்த புதிது. கிழவராக ஒட்டுத்தாடியோடு ‘காதலிக்க நேரமில்லை’ என்று ஆடும்போது குரல் சீர்காழி கோவிந்தராஜன். ஒரே நடிகர், ஒரே படம், வேறு வேறு தொண்டை. மேக்கப்காரர் முகத்துக்குச் செய்ததை இசையமைப்பாளர்கள் குரலுக்குச் செய்திருக்கிறார்கள். எனக்கு மேக்கப்பைவிடக் குரல்தான் நம்பும்படியாக இருந்தது. தாடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிகிறது, குரலில் ஒட்டுத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சீர்காழி என்றால் கோயில் லவுட்ஸ்பீக்கர். விடியற்காலையில் பிள்ளையாரையும் முருகனையும் பாடி எழுப்புகிற குரல். அந்தக் குரல் காதலிக்க ஆளில்லை என்று முறையிட்டால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் நான் முதலில் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கசெற் றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பது. படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் அதற்கு மண்ணெண்ணெயும் வேண்டும். ஆகவே எங்கள் வயதுக்காரர் படத்தை அறியாமல் பாட்டை அறிந்தோம். எந்தப் பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது, பாடுகிறவர் உண்மைக்குப் பாடுகிறாரா, ஏமாற்றுகிறாரா, ஒன்றும் தெரியாது. வயதுபோன தனியாள் ஒருவரின் கவலை என்றே சீர்காழியின் பாட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உருக்கமாகத்தான் இருந்தது!

‘மைக்கேல் மதன காமராஜன்’ பாட்டுகளும் அப்படி வந்தவைதான். 1990 தீபாவளிப் படம், கமல்ஹாசனுக்கு நாலு வேடம், இளையராஜா இசை. ‘சுந்தரி நீயும்’ என்ற பாட்டை யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசெற்றில் கேட்டோம். எஸ்.ஜானகி ஒரு பக்கம், மற்றப் பக்கம் கமல்ஹாசனே பாடுகிறார். மலையாளம் கலந்து இழுத்துப் பாடுகிற அந்தக் காதல் எங்களுக்கு மிகவும் பாரதூரமான காதலாகப் பட்டது. (தமிழ்நாட்டுக்குப் போனால் எங்களையே மலையாளியா என்று கேட்கிறார்கள், அது வேறு கதை.) பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்தால், பாடுகிறவர் பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரன். சாம்பாரில் மீன் விழுந்ததற்குப் பதறுகிற அப்பாவி மனிதர். பாட்டு முழுவதும் ஸ்லோமோஷன், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. இதற்குப் பாட்டை வேகமாக ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைத்துப் படம் பிடிக்கவேண்டும். நாங்களும் அதை ஸ்லோமோஷனில் கேட்டிருக்கிறோம். பெடல் சுற்றுகிறவரின் கை களைத்தால் ஜானகியின் குரலே ஆண் குரலாகிவிடும்.

அதே படத்தில் மற்றப் பாட்டுகளுக்கு எஸ்.பி.பாலசுப்பிரமணியம் இருக்கிறார், மலேசியா வாசுதேவன் இருக்கிறார். சமையற்காரருக்கு மட்டும் நடிகரின் சொந்தக் குரல். தேர்ந்த பாடகர் ஒருவர் பாடியிருந்தால் பாட்டு இன்னும் வழுவழுப்பாக இருந்திருக்கும், காமேஸ்வரன் காணாமற்போயிருப்பார்.

இப்போது உங்கள் கேள்வி. செருகல்தானே என்கிறீர்கள். செருகல் என்றால் கசெற்றில் கேட்டபோதும் படத்தில் பார்த்தபோதும் அது ஒரே பாட்டாகத்தான் இருந்திருக்கவேண்டும். இவை அப்படி இல்லை. தனியே கேட்டபோது காதல் பாட்டு, கவலைப் பாட்டு. படத்துக்குள் போனதும் பகிடி. ஆனால் தனியே கேட்டபோது இருந்த காதலோ கவலையோ அதனால் பொய்யாகவும் இல்லை. கேலிப் பாட்டு எழுதுவது சுலபம், கேட்கிற எவருக்கும் அது கேலி என்று உடனே தெரிந்துவிடும். நம்பிக் கேட்கிறவரையும் சிரிக்கிறவரையும் ஒரே மெட்டில் வைத்திருப்பதுதான் கஷ்டம். அதை இந்த இரண்டு படங்களும் செய்தன.

எல்லாப் பாட்டுக்கும் நான் வழக்காட வரவில்லை. ‘காதலிக்க நேரமில்லை’யில் வருகிற ‘நாளாம் நாளாம் திருநாளாம்’ எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, சுசீலாவுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன். ஆனால் அதை வெட்டினால் கதைக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் மகன் செய்தது சரி. இன்னொன்றும் இருக்கிறது: அந்தப் படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கிற காட்சி, நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடம், அதில் பாட்டே கிடையாது. கதவு திறக்கிற சத்தம் உட்பட எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே செய்துவிடுகிறார். பாட்டு எங்கே கூடாது என்பதும் ஸ்ரீதருக்குத் தெரிந்திருக்கிறது.

புதிய காதல் பகிடிப் படங்களில் மகன் தள்ளிவிடுவதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவற்றில் அநேகமாக யாரும் வாயசைப்பதில்லை. நாயகனும் நாயகியும் மோட்டார் சைக்கிளில் போவார்கள், கோப்பி குடிப்பார்கள், பாட்டு அதுபாட்டுக்குப் பின்னால் ஓடும். யாருடைய தொண்டையிலிருந்தும் வராத பாட்டில் ஒட்டுத்தாடிக்கும் இடமில்லை, காமேஸ்வரனுக்கும் இடமில்லை. அங்கே றிமோட் அவனிடமே இருக்கட்டும்.